ஓர்ஸ் ஹில் வீட்டில் யாரும் சாகவில்லை

வெளிநாடு போகிறவர்கள் எதையாவது பார்க்கப் போவார்கள். நான் ஒரு வீட்டில் இருக்கப் போனேன். திருச்சியில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. நான் பகலெல்லாம் அதில் இருப்பது பற்றி வீட்டில் யாருக்கும் பெரிய உற்சாகம் இல்லை. அப்படியிருக்க, கடல் கடந்து வந்து இன்னொருவர் வீட்டில் சும்மா இருக்க முடியுமா என்று ஓர் அழைப்பு வந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமையாது என்றாள் மனைவி. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அழைத்தவர் சிவமலர் டீச்சர். போர்க் காலத்தில் திருகோணமலையிலிருந்து அகதியாக வந்து எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்கள் குடியிருந்தவர். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஊர் திரும்பிய பிறகும் எங்களை மறக்கவில்லை. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் கனடாவில். இப்போது டீச்சருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை, கொழும்பில். வீட்டைப் பூட்டிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"நான் ஒப்பரேசன் மேசையில கிடக்கேக்க என்ர வீடு இருண்டு கிடக்கக் கூடாது, சுந்தரம். நீங்கள் வந்து இருங்கோ. சமைச்சுச் சாப்பிடுங்கோ, பின்னேரத்தில விளக்கேத்துங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்" என்றார் தொலைபேசியில்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, டீச்சர் இன்று நலமாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தலைப்பிலும் போட்டிருக்கிறேன். அதற்காக யாரும் பதற வேண்டாம். அந்த வீட்டில் பதற வேண்டியது வேறொன்று இருந்தது.

டீச்சரின் வீடு இருக்கும் ஓர்ஸ் ஹில் என்ற பெயரைக் கேட்டு, முழங்கால் வலி மாத்திரைகளைக் கூடுதலாகவே எடுத்துப் போயிருந்தேன். போய்ப் பார்த்தால் ஒரு மேடு. அலுவலகங்களும் வீடுகளும் மாமரங்களும் இருக்கின்றன. திரும்பினால் உள்துறைமுகத்துத் தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் நான் பார்த்த கடல் எப்போதும் எதையோ உடைத்துக்கொண்டிருக்கும். இங்கே அது அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்த குமாஸ்தாவைப் போல இருந்தது.

டீச்சரின் வீடு ஓட்டு வீடு. முன்பக்கம் விறாந்தை, அங்கேதான் பிள்ளைகளுக்கு ரியூசன். அதற்கான பிளாஸ்டிக் கதிரைகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. அந்த ஊரில் நாற்காலி கிடையாது, கதிரைதான். சமையலறை குசினி, வாசல் கேட் படலை. உள்ளே கூடத்தில் பழைய மரக் கதிரைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் சதுரமான ஒரு வெள்ளைத் துணி. இந்தத் துணிகளை இப்போதே குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

முதல் நாள் இரவுச் சாப்பாடு பிட்டும் மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும். பிட்டு என்றால் எங்கள் வீட்டில் சர்க்கரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. இங்கே அது ஒரு வளர்ந்த மனிதனின் உணவு. பக்கத்து வீட்டு ஜெசிந்தா கொண்டுவந்து கொடுத்தார். கத்தோலிக்கர், டீச்சருக்கு வலது கை மாதிரி. "இந்தியாக்காரர் உறைப்புச் சாப்பிடுவினமோ தெரியாது, கொஞ்சமாத்தான் போட்டனான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்றாம் முறை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் என் வேட்டியை மான் தின்றது. பொய் இல்லை. திருகோணமலையில் மான்கள் தெருவில் நடக்கின்றன, எங்கள் ஊரில் மாடு நடப்பதைப் போல, ஆனால் மாட்டைவிட அலட்சியமாக. பின்பக்கத்துக் கம்பியில் காயப்போட்ட வேட்டியின் கரை முழுவதும் போய்விட்டது. அன்று காலையில் கடற்கரையில் பார்த்த காட்சி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெற்கிலிருந்து யாத்திரை வந்திருந்த ஒரு சிங்களக் குடும்பத்தின் சோற்றுப் பொட்டலத்தை ஒரு மான் பிரித்து மேய்ந்துகொண்டிருக்க, மனைவி கணவனிடம் எதையோ கடுமையாகச் சொன்னாள். என்னை ஆட்டோவில் அழைத்துப் போன நஸீர் மொழிபெயர்த்தார்: "நீ வாயில் வைக்க மாட்டேன் என்ற கறியை அது எவ்வளவு மரியாதையாகச் சாப்பிடுகிறது பார்."

நஸீர் கிண்ணியாக்காரர். டீச்சரிடம் படித்தவர், ஆகவே எனக்கு அவர்தான் ஆட்டோ என்று டீச்சர் முன்பே தீர்மானித்திருந்தார்.

டீச்சர் கொழும்புக்குக் கிளம்ப இன்னும் ஒரு நாள் இருந்தது. அன்று பின்னேரம் விறாந்தையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது டீச்சர் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தம்பி பெயர் தவராசா. சம்பூரில் விவசாயம். போரில் சம்பூர்ச் சனம் முழுவதும் ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தபோது, மனைவி பிள்ளைகளோடும் ஒரு பசு, ஒரு கன்றோடும் இந்த வீட்டுக்குத்தான் வந்தார். டீச்சர் படலையில் காத்து நின்று கூட்டிப்போனார். சில மாதங்கள் நன்றாகவே போயின. பசு குரோட்டன் செடிகளைத் தின்றது, டீச்சர் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் பாடசாலை அதிபர் குடும்பத்தோடு வந்திருந்த நேரத்தில் பசு விறாந்தையில் ஏறிச் சாணி போட்டுவிட்டது.

"ஒரே ஒரு வசனம்தான் சொன்னனான். 'தம்பி, இது வீடு, காம்ப் இல்லை' எண்டு. ஆக்களுக்கு முன்னால சொல்லிப்போட்டன்" என்றார் டீச்சர்.

தவராசா சாணியை அள்ளினார், விறாந்தையைக் கழுவினார். அன்று பின்னேரமே குடும்பத்தையும் பசுவையும் கன்றையும் கூட்டிக்கொண்டு கிளிவெட்டிக்குப் போய், உண்மையான அகதி காம்பிலேயே சேர்ந்துவிட்டார். தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார். அரசு பிடித்து வைத்திருந்த காணிகளைத் திரும்ப விட்டபோது சம்பூருக்குப் போனார். அதன் பிறகு அக்காவின் படலைக்குள் கால் வைக்கவில்லை. அக்கா போன் எடுத்தால் மனைவியிடம் நீட்டிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் அக்கா தம்பி பிரிந்தார்கள் என்றால் நடுவில் ஒரு நிலம் இருக்கும், ஒரு வக்கீல் இருப்பார். ஒரு வாக்கியத்துக்காகப் பிரிந்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொல்லி ஆறுதல்படுத்தலாம் என்று நினைத்தேன், அது ஆறுதல் இல்லை என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

"கொழும்புக்கு வா எண்டு நான் கேக்கேல்லை. நான் மேசையில ஏற முதல் அவன் ஒருக்கா இந்தப் படலைக்குள்ள வந்திட்டுப் போனால் காணும். எனக்கு அது போதும்" என்று சொல்லி டீச்சர் அழுதார். கையில் ஒரு பையோடு அகதியாக வந்த நாளில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் மானைப் பற்றிப் பேசினேன்.

அடுத்த நாள் அவரை வானில், அதாவது வேனில், ஏற்றி கொழும்புக்கு அனுப்பினோம். கனடாவிலிருந்து மகன் ஏற்பாடு செய்திருந்த ஒரு தாதி கூடப் போனார். வீடு என் பொறுப்பில் வந்தது.

தம்பியைப் போய்ப் பார்ப்பது என்று நானாகவே முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை. சும்மா இருப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது என்பதும் ஒரு காரணம். நஸீரின் ஆட்டோவில் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தில் காற்று ஆட்டோவைக் கடலுக்குள் தள்ளிவிடப் பார்த்தது, நஸீர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் எனக்கு மீன்பிடி வள்ளங்களைக் காட்டினார். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரசித்தேன். பாலம் தாண்டியதும் கிளட்ச் வயர் அறுந்தது.

அவர் அதைச் சரிசெய்யும் நேரத்தில் ஒரு கடையில் தயிர் சாப்பிட்டேன். எருமைத் தயிர், மண் சட்டியோடு கொடுக்கிறார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று கடைக்காரர் சொல்லி, நான் நம்பாத முகம் காட்டியதால் என் மடிக்கு மேலே கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை. திருச்சியில் என் வீட்டுக்கு வரும் தயிரைக் கவிழ்க்க வேண்டியதே இல்லை, தானாகவே நடக்கும்.

சம்பூரில் தவராசா என்னை முறைப்பார் என்று நினைத்துப் போனேன். அவரோ மரத்தில் ஏறி எனக்கு இளநீர் இறக்கினார். நெடிய மனிதர், இடுப்பில் சாரம், தோளில் துவாய், அக்காவின் அதே மூக்கு. பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி வந்தது, சோறு வந்தது, நண்டுக் கறி வந்தது. நெல்லைப் பற்றிப் பேசினார், வேலியை உடைக்கும் யானையைப் பற்றி நிறையப் பேசினார். யானையின் மேல் அவருக்கு வருத்தம் இருந்ததே தவிரக் கோபம் இல்லை. நல்ல மனிதர் என்று பார்த்த உடனே தெரிந்தது. அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

கை கழுவிய பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னேன். குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அண்ணை, நீங்கள் கடல் தாண்டி வந்த ஆள். உங்களுக்கு இல்லை எண்டு சொல்ல எனக்குக் கவலையாத்தான் கிடக்கு" என்றார் தவராசா. "ஆனா அண்டைக்கு அந்தப் படலையைத் தாண்டேக்க ஒண்டு சொல்லிப்போட்டன். அவ செத்தால் வருவன். அதுக்கு முதல் அதுக்குள்ள கால் வைக்க என்னால ஏலாது."

அதற்கு மேல் கதை இல்லை. ஆட்டோவில் ஏறியதும் பக்கத்தில் வந்து நின்றார். "ஒப்பரேசன் எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். "சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டீச்சரிடம் தொலைபேசியில் தகவலைச் சொன்னேன். விளக்கு ஏற்றினேனா என்று கேட்டார். ஏற்றினேன் என்றேன்.

பிறகு வந்த நாட்களில் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் என்கிற ரொட்டி விற்க வரும் ஆட்டோவுக்காகக் காத்திருப்பேன். எங்கள் ஊரில் அந்த மாதிரி பாட்டுக்குக் குப்பை வண்டி வரும், ஆகவே முதல் நாள் குப்பைக் கூடையோடு போய் நின்றேன். பாண்காரர் மரியாதையாக ஒரு பாண் கொடுத்தார். அதைத் தவிர என் நாட்களில் நிகழ்ச்சி எதுவும் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் டீச்சரை மேசைக்குக் கொண்டுபோவார்கள். கேட்ட ஒரே ஒரு விஷயம் நடக்கவில்லை. என்னால் ஆனது, அவர் திரும்பி வரும்போது வீடாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். மரக் கதிரைகளின் முதுகில் இருந்த வெள்ளைத் துணிகளை எல்லாம் எடுத்துச் சவர்க்காரம் போட்டு, நீலம் போட்டுத் துவைத்தேன். பின்பக்கத்தில் காயப்போட்டால் மானுக்கு விருந்து. ஆகவே முன்பக்கம், நல்ல உயரத்தில், வெயிலும் கடற்காற்றும் படும்படி, படலைத் தூணிலிருந்து ஒழுங்கை என்கிற சந்தின் ஓரத்து லைட் கம்பம் வரை ஒரு கயிறு கட்டினேன். ஒவ்வொரு துணியையும் ஒரு மூலையில் ஊசி குத்தித் தொங்கவிட்டேன். காற்றில் வரிசையாகப் படபடத்தன, பார்க்க அழகாகவே இருந்தது.

பிறகு ரியூசன் கதிரைகளைக் கழுவினேன். முற்றத்தில் போட்டுக் காயவைத்தேன். ரயில்வேயில் இருந்தவனுக்குக் கதிரையைக் கண்டபடி போட வராது, வரிசையாகத்தான் போட வரும். நானும் குளித்து, மான் விட்டுவைத்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, மீன் பொரிக்கக் குசினிக்குப் போனேன்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் யாராவது இறந்தால், வீட்டு வாசலிலிருந்து ஒழுங்கை நெடுகக் கயிறு கட்டி வெள்ளைத் துணி தொங்கவிடுவார்கள். ஆள் அனுப்பிச் சொல்லத் தேவையில்லை. துணியைப் பார்த்துச் சனம் வரும். எங்கள் ஊரில் இறப்பென்றால் சங்கு ஊதும், பறை அடிக்கும், சுவரில் படம் ஒட்டுவார்கள். வெள்ளைத் துணி தொங்கினால் யாரோ துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஜெசிந்தா இருந்திருந்தால் முதல் துணியிலேயே என்னைத் தடுத்திருப்பார். அவர் மட்டக்களப்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

எண்ணெய் காய்வதற்குள் முற்றத்தில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒழுங்கைக்காரர்கள் சிலர் வந்து கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை என்று தெரிந்து விசாரிக்க வந்திருக்கிறார்கள், எவ்வளவு நல்ல ஊர் என்று நினைத்தேன். வெளியே போனதும் எழுந்து, ஒவ்வொருவராக என் இரண்டு கையையும் பிடித்தார்கள். "அருமையான மனுசி" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். "மகன் வாறாரோ?" என்று கேட்டார் இன்னொருவர். லீவு கிடைக்கவில்லை என்றேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஓர் அம்மா ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீரும் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். "நீங்கள் இண்டைக்கு அடுப்பு மூட்டாதேங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்றார். நன்றி சொல்லி, அடுப்பு ஏற்கெனவே எரிகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மீனைப் போட்டேன்.

சூடை மீன் பொரியும் வாசனை முற்றத்துக்குப் போனதும் பேச்சு நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் குசினி வாசலுக்கு வந்து, சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, இந்தியாவில செத்த வீட்டில மீன் பொரிக்கிறவையோ?"

"யார் வீட்ல?" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கயிற்றைக் காட்டினார். அதன் பிறகு விளக்கிச் சொன்னார். டீச்சர் உயிரோடு இருக்கிறார், நாளைக்குத்தான் அறுவை சிகிச்சை என்று முற்றத்துக்கு ஓடிவந்து சொன்னேன். கொஞ்சப் பேர் சிரித்தார்கள், பிளாஸ்க் கொண்டுவந்த அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் அவர்களில் பலர் ஏற்கெனவே போன் எடுத்துப் பலருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் கனடாவுக்கே சொல்லிவிட்டார். டீச்சரிடம் படித்தவர்கள் அந்தக் கரை முழுவதும் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

கயிற்றை அவிழ்க்கலாம் என்று ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு படலைப் பக்கம் போகும்போது, ஒரு மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. தவராசா.

பிறகுதான் தெரிந்தது, ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முனையைக் கடந்த நஸீர், துணியைக் கண்டதும் இறங்கி வர நேரமில்லாமல், சம்பூருக்கு உடனே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ரீச்சர் மௌத்தாகிவிட்டார் என்று.

தவராசா என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. கக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை. படலையில் நிற்கக்கூட இல்லை, நேராக உள்ளே வந்து, முற்றத்தைக் கடந்து, விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் வந்திட்டன்" என்று பெரிய குரலில் அழுதார். அந்த அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணாடி போட்டவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவராசா கூடத்துக்குள் போனார், அறைக்குள் போனார், திரும்பி வந்தார்.

"பெட்டி எப்ப வருது?" என்று என்னிடம் கேட்டார்.

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. மான், சோப்பு, கயிறு என்று முழுவதும் சொன்னேன். நடுவில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், முகம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது.

"அவவும் நீங்களும் சேந்து செய்த வேலையோ இது?"

"சத்தியமா இல்லைங்க."

"அவ செத்தால்தான் வருவன் எண்டு உங்களிட்டச் சொன்னனான். போய்ச் சொல்லிப்போட்டீங்கள். அவ வெள்ளைத் துணி கட்டச் சொன்னவ. அப்பிடித்தானே?" துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "என்னை ஊருக்கு முன்னால அழ வச்சிட்டீங்கள். அண்டைக்கும் ஆக்களுக்கு முன்னால, இண்டைக்கும் ஆக்களுக்கு முன்னால. இனி அவ உண்மையாச் செத்தாலும் வரமாட்டன்."

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படலையை நோக்கி நடந்தார். உதவி செய்யப் போன இடத்தில் இருந்த கொஞ்ச வழியையும் ஒரேயடியாக அடைத்துவிட்டேன் என்று புரிந்தது.

அவர் படலையை அடையும்போது, அடைத்துக்கொண்டு ஒரு வான் வந்து நின்றது. சம்பூர்ச் சொந்தக்காரர்கள், அவருக்குப் பின்னாலேயே புறப்பட்டு வந்தவர்கள். பெண்கள் தலையை விரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் ஓடிப்போய், யாரும் சாகவில்லை, நல்லா இருக்காங்க என்று கத்தினேன். இந்தியத் தமிழில் கத்துகிற ஒரு அந்நியனை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. முன்னால் வந்த அம்மா தவராசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ மாமி. அவ சாகேல்லை" என்றார் தவராசா.

"என்னடா சொல்லுறாய்?"

"சாகேல்லை எண்டுறன். விசர்க் கதை. இந்த மனுசன் துணி காயப்போட்டிருக்கிறார்."

அந்த அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்குள் மூதூரிலிருந்து ஒரு ஆட்டோ. பிறகு பாடசாலைக்காரர்கள். பிறகு துறைமுகத்தில் வேலை செய்யும் சிலர், எல்லாரும் டீச்சரிடம் கணக்குப் படித்தவர்கள். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அவர்கள் என்னைத் தாண்டித் தவராசாவைத்தான் பார்த்தார்கள். செத்த வீட்டில் கூடப்பிறந்தவன் சொன்னால்தான் சொல். அவரால் நகர முடியவில்லை. மோட்டார் சைக்கிளும் வானுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. படலைக்கு உள்ளே, தூண் அருகே நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தார். முதலில், "அவ சாகேல்லை." பிறகு, "ரீச்சர் சாகேல்லை." அதற்கும் பிறகு, வயதான ஒருவர் நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கியபோது, குனிந்து தூக்கி, "எங்கட அக்காவுக்கு ஒண்டுமில்லை ஐயா, எழும்புங்கோ" என்றார்.

பிளாஸ்க் அம்மா எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எப்படியும் கொண்டுவந்தாயிற்று என்றார்.

நான் மறுபடி கதிரையில் ஏறி முடிச்சில் கை வைத்தேன். உப்புக் காற்றில் அது இறுகிப்போயிருந்தது. அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. டீச்சர்.

"சுந்தரம், நான் செத்திட்டனாம். கனடாவில இருந்து மகன் அழுதுகொண்டு தாதிக்கு எடுக்கிறான். என்ன நடக்குது அங்க?"

சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வதால் கொஞ்சம் ஒழுங்காக வந்தது. மறுமுனையில் சிரிப்புக் கேட்டது, இருமல் கேட்டது, சிரிக்க வேண்டாம் என்று தாதி அதட்டுவது கேட்டது. பிறகு, உங்கள் தம்பி வந்திருக்கிறார் என்றேன். எல்லாச் சத்தமும் நின்றது.

"படலைக்கு உள்ளுக்கோ, வெளியிலயோ?"

"உள்ளதான் டீச்சர். ஆனா ரொம்பக் கோபம். ஆளுங்க வர்றது நின்னா கிளம்பிடுவார்."

"நீங்கள் இப்ப என்ன செய்யிறியள்?"

"கயித்த அவுக்கிறேன்."

"அவிழ்க்காதேங்கோ" என்றார் டீச்சர். "கிடக்கட்டும்."

இறங்கினேன். போனை எடுத்துக்கொண்டு தவராசாவிடம் போனேன். யார் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தப் போனை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவியிடம் நீட்டிவிட மனைவி அங்கே இல்லை. சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார், பையை மட்டும் கீழே வைக்கவில்லை. வாய் திறந்த அந்தப் பையில் ஒரு புதுச் சேலை தெரிந்தது. இறந்த அக்காவுக்குத் தம்பி போட வேண்டிய கோடி. வெள்ளை இல்லை, நல்ல அரக்குச் சிவப்பு, நிதானமாகப் பார்த்து எடுத்தது போல இருந்தது.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூண் பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பக்கத்தில் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் வெகுநேரம் ஒன்றும் சொல்லப்படவில்லை. பிறகு "ஓம்" என்றார். இன்னொரு "ஓம்". "இல்லை, சாப்பிடேல்லை." பிறகு தோள் குலுங்கியது. நான் தள்ளிப்போய்ப் பிளாஸ்க் அம்மாவுக்குக் குவளை எடுத்துக் கொடுத்தேன்.

போனை என்னிடம் திருப்பித் தந்தபோது அது நனைந்திருந்தது. ஒழுங்கை முனையில் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு வயதான பெண்கள், குடையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் துணிகளை அண்ணாந்து பார்த்து அழுதபடியே வந்துகொண்டிருந்தார்கள். கிளிவெட்டியில் அவருக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்களாம். நான் சொல்லப் போனால் பயனில்லை என்று தெரிந்ததால் அவரைப் பார்த்தேன்.

தவராசா மூக்கைத் துடைத்துக்கொண்டு படலைக்குப் போனார்.

"அழாதேங்கோ" என்றார். "அக்காவோட இப்பதான் கதைச்சனான்."